சிவலையின் நஞ்சுக்கொடி

கார்த்திகை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊர் ஆலமரத்தடியில் இருந்தவர்கள் இவர்கள்: ஊர்ப் பெரியதனம் பார்க்கும் சின்னக்குழந்தை, இரண்டு பசுக்களும் மாதம் நிறையாமல் கன்று வீசிவிட்ட கோபால், பொலிகாளையை வைத்துப் பராமரிக்கும் என் தம்பி தங்கவேல், அவன் மனைவி செல்லியம்மாள், அவர்கள் மகன் இளவரசன், ஜமுனாமரத்தூரிலிருந்து வந்திருந்த மாட்டு டாக்டர் ஜெஸ்ஸி, நான். இன்னும் பதினைந்து இருபது பேர் சுற்றி நின்றார்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை, அதனால் பெயர் வேண்டாம். இளவரசனின் மனைவி சரிதா கூட்டத்தில் இல்லை. குழாயடியில் குடத்தோடு நின்றாள். அங்கிருந்து பேச்சு கேட்கும்.

யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. அன்று அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகப் பொலிகாளை வைத்திருக்கிறோம். ஊரில் அறுபத்திரண்டு வீடு. பருவத்துக்கு வந்த பசுவை யார் ஓட்டிக்கொண்டு வந்தாலும் காளையை அவிழ்த்து விடுவோம். கூலி வாங்கியதில்லை. ஒரு படி உப்பு கொண்டுவந்து தொட்டியில் போடுவார்கள், அதுவும் காளைக்குத்தான். மாட்டுப்பொங்கலன்று ஊரில் முதல் கயிறு எங்கள் காளைக்கு அவிழும். அதற்குப் பிறகுதான் மற்ற பட்டிகள் திறக்கும். பாகம் பிரித்தபோது நிலத்தைச் சரிபாதியாக எடுத்துக்கொண்டோம். காளையைப் பிரிக்க முடியாது. அது தங்கவேல் பட்டியில் நின்றது. பெயர் எங்கள் இருவருக்கும். இப்போது நிற்பதற்குக் கரியான் என்று பெயர். ஏழு வயது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சாப்பாடு தம்பி வீட்டில்தான். அதனால் அந்த வீட்டில் நடந்தது எல்லாம் நான் கேள்விப்பட்டது அல்ல, கண்ணால் பார்த்தது.

சரிதா அதற்கு முந்தின தை மாதம் கல்யாணமாகி வந்தாள். ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் அடிவாரத்து ஊர். அவள் அப்பா சுப்பிரமணி நாலு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பெண்ணுக்குச் சீராக ஒரு சிவலைப் பசுவைக் கொடுத்தார். கலப்பு மாடு, வரும்போதே மூன்று மாதச் சினை. மலைமாடு மாதிரி காலையில் காட்டுக்குப் போய் மாலையில் தானாகத் திரும்பிவரும் மாடு அல்ல அது. தட்டு நறுக்கிப் போட வேண்டும், தவிடு கலந்து தண்ணீர் காட்ட வேண்டும், ஈ கடித்தால் கூடக் கத்தும். சரிதா ஐந்து மணிக்கு எழுந்து அதற்குச் சாணி வாரிவிட்டுத்தான் முகம் கழுவுவாள். செல்லியம்மாள் சொல்வாள், "அந்த மாட்டுகிட்ட பேசறதுல கால்வாசி என் மவன்கிட்ட பேசியிருந்தா இந்நேரம் பேரன் பொறந்திருப்பான்" என்று. சரிதாவும் விடமாட்டாள். "உங்க மவன் அசை போட்டுக்கினே கேட்டா அவர்கிட்டயும் பேசறேன் அத்தே" என்பாள். வீட்டில் அப்போது நல்ல சிரிப்பு இருந்தது.

ஆடி மாதம் சிவலை கன்று போட்டது. நாள் கணக்குக்கு மூன்று வாரம் முன்னதாகவே போட்டது. கிடாரிக் கன்று. எழுந்து நிற்கவில்லை. மடியைக் காட்டினால் வாயைத் திறக்கத் தெரியவில்லை. சரிதா விரலில் பாலைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். மூன்றாம் நாள் செத்தது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. ஒரு பகல் ஒரு இரவு பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. டாக்டரைக் கூப்பிடலாம் என்றால் அந்த வாரம் விடாத மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. மூங்கில் இலையை ஒடித்து வந்து கொடுத்ததில் மறுநாள் மதியம் விழுந்தது.

சரிதா அதைப் புதைக்க வேண்டும் என்றாள். இடுப்பளவு குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூட வேண்டும் என்று அவள் ஊரில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். கன்று நோஞ்சானாக விழுந்து நஞ்சும் தங்கினால் அது நல்ல அறிகுறி இல்லை என்றாள். எங்கள் ஊரில் அது வழக்கம் இல்லை. கன்று வீசினால் ஓடையில் போட்டுவிடுவோம். ஆனால் கன்று உயிரோடு விழுந்தால் அது ஈற்று. ஈற்று என்றால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிக் கோணியில் மூட்டையாகக் கட்டிப் பால் வடிகிற மரத்தில் தொங்கவிட வேண்டும். ஆலமரம் பால் மரம். அதில் கட்டினால் மடியில் பால் நிற்கும். சிவலையின் கன்று உயிரோடுதான் விழுந்தது. ஆகவே அது ஈற்றுதான் என்று முடிவாயிற்று. சரிதா இரண்டாம் தரமும் சொன்னாள். இந்த வீட்டு வழக்கத்தைக் கீழேயிருந்து வந்து மாற்ற வேண்டாம் என்று அவளுக்குப் பதில் சொல்லப்பட்டது. மூட்டை கட்டப்பட்டது.

நல்ல கிளை எல்லாம் உயரத்தில் இருந்தது. மழையில் அடிமரம் வழுக்கியது. அதனால் மூட்டை தாழ்ந்த கிளையில், ஓர் ஆள் கை தூக்கினால் எட்டுகிற உயரத்தில் தொங்கியது.

ஊர் மாடுகள் மதிய வேளையில் படுக்கிற இடம் அந்த மரத்தடி. நாலு நாள் மழையில் கோணி ஊறிச் சொட்டியது. காக்கை கொத்தி வைக்கோலை இழுத்துப் போட்டது. கீழே புல் பச்சையாக வந்தது. மாடுகள் அந்தப் புல்லைத் தின்றன, சொட்டு விழுந்த வேரை நக்கின. எல்லோரும் பார்த்தோம். நஞ்சுக்கொடியை மாடு நக்குவது புதிதல்ல; யாருக்கும் அது ஒரு செய்தியாகப் படவில்லை.

புரட்டாசி கடைசியில் சாமை அறுப்பு. கோபாலின் பெரிய பசு ஏழு மாதச் சினையில் களத்து ஓரத்திலேயே கன்று வீசியது. கன்றுக்கு ரோமம் முளைத்திருந்தது, கண் மூடியிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் ஐயோ பாவம் என்றார்கள், அறுப்பு நிற்கவில்லை. பத்து நாளில் சின்னக்குழந்தையின் பசு. ஐப்பசியில் கோபாலின் இரண்டாவது பசு. அதற்கு மறுவாரம் என் பட்டியில் ஒன்று. மழை, குளிர், மூட்டம் என்று நாலு மாட்டுக்கு நாலு காரணம் சொன்னோம். பிறகு காரணம் ஒன்றாகச் சுருங்கியது. நாலு பசுவும் கரியானிடம் சினைப்பட்டவை.

முதலில் அதை வாய்விட்டுச் சொன்னவன் கோபால். டீக்கடையில், தங்கவேல் பின்னால் நிற்பது தெரிந்தே சொன்னான்: "நாலு தலைமுறை காளைன்னாங்க. அஞ்சாந் தலைமுறைக்குக் கன்னு இல்லாம பண்ணிடுச்சு."

தங்கவேல் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து பருவத்துக்கு வந்த பசு எதுவும் எங்கள் பட்டிக்கு வரவில்லை. தொட்டியில் இருந்த உப்பு ஈரத்தில் கரைந்து போயிற்று. ஊரில் நாங்கள் போனால் பேச்சு மாறியது. மாட்டுப்பொங்கலுக்கு முதல் கயிறு இந்த வருடம் எந்த வீட்டில் என்று யாரோ கேட்டதாகக் காதில் விழுந்தது.

டாக்டரைக் கூட்டி வந்ததும் கோபால்தான். ஜெஸ்ஸி திருப்பத்தூர்க்காரப் பெண், முப்பது வயது இருக்கும். கையில் முழங்கை வரை உறை, வாய்க்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி. எங்கள் ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை. கன்று வீசிய மாடு எல்லாவற்றுக்கும் கழுத்தில் ரத்தம் எடுத்தார். எந்த மாடு எந்த மாதம் சினைப்பட்டது, எந்த மாதம் வீசியது, எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இது கன்று வீச்சு நோயாக இருக்கலாம், முடிவு வருகிற வரை எந்தப் பசுவையும் காளைக்கு விட வேண்டாம், இனி வீசுகிற கன்றை ஓடையில் போடாதீர்கள் என்றார். கடைசியாகத் தங்கவேல் பட்டிக்கு வந்தார்.

"காளைக்கும் எடுக்கணுங்க. அஞ்சு மில்லி போதும்."

தங்கவேல் படலின் குறுக்கே நின்றான். "சாமிக்கு விட்ட காளை டாக்டரம்மா. அது மேல சாட்டை கூட பட்டதில்ல. ஊசி குத்துவீங்களா?"

"குத்தாம எப்படிங்க தெரியும்?"

"தெரிஞ்சு இன்னா ஆவப்போவுது? இருக்குதுன்னு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"காயடிக்கணும். மந்தையோட விடாம தனியா கட்டணும். இதுக்கு மருந்து இல்லீங்க."

காயடிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் தங்கவேலுக்கு முகம் கறுத்தது. அவன் என்னைப் பார்த்தான். அப்பா போன பிறகு வீட்டில் முடிவு என்னுடையது. நான் சொன்னேன்:

"வழிய வுடுடா. எடுக்கட்டும். ஒளிக்கிறதுக்கு நம்ம வூட்ல ஒண்ணும் இல்ல."

இந்த வார்த்தையை நான் பட்டி வாசலில், கோபால் காதுபடச் சொன்னேன். இளவரசன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கரியான் அசையாமல் நின்றான். டாக்டர் திரும்பும்போது சரிதா, சிவலைக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள் என்றாள். அது ஈன்ற மாடு, வீசிய மாடு அல்ல என்று தங்கவேல் சொன்னான். இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். டாக்டர் எடுத்துக்கொண்டார்.

ரத்தம் கீழே ஆய்வுக்கூடத்துக்குப் போனது. முடிவுக்குப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் தங்கவேல் சரியாகச் சாப்பிடவில்லை. சாமைக் களியில் பள்ளம் செய்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றி, அதையே கிளறிக்கொண்டிருப்பான். பகலெல்லாம் பட்டியில் காளையின் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பேசினால் அது காளையைப் பற்றித்தான் இருக்கும்.

அதன் பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை.

தூறல் நின்று வெயில் லேசாக வந்திருந்தது. டாக்டர் காகிதத்தைப் பிரித்து முதலில் காளையைப் படித்தார். நோய் இல்லை. தங்கவேல் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் சுற்றியிருந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளில் போட்டான். நான் கோபாலைப் பார்த்தேன். கோபால் தரையைப் பார்த்தான். நாலு தலைமுறைப் பெயர் நின்றது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்றால், டாக்டர் அடுத்த வரியைப் படிக்கிற வரை.

கோபாலின் இரண்டு பசுவுக்கும் நோய் உண்டு. சின்னக்குழந்தையின் பசுவுக்கு உண்டு. என் பசுவுக்கு உண்டு. சிவலைக்கு உண்டு.

டாக்டர் நோட்டைப் பார்த்து விவரமாகச் சொன்னார். சிவலை தை மாதம் வந்தது. கீழே அதை விசாரித்ததில், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் ஏதோ ஒரு சந்தையில் வாங்கியிருக்கிறார்கள். சோதனை செய்து வாங்கவில்லை. ஆடியில் அது நோஞ்சான் கன்று போட்டது. மற்றது எல்லாம் அதற்குப் பிறகு. இந்த நோய் பெரும்பாலும் காளையால் பரவுவதில்லை; வாய் வழியாகப் பரவுகிறது. வீசிய கன்றையோ, நஞ்சுக்கொடியையோ, அது பட்ட புல்லையோ மற்ற மாடு நக்கினால் போதும்.

"சிவலையோட நஞ்சுக்கொடிய இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. சின்னக்குழந்தை தலையைத் தூக்கினார். அவரைப் பார்த்து எல்லோரும் தூக்கினார்கள். டாக்டரின் தலைக்கு நேர் மேலே அரை முழம் கோணிக் கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் இரண்டு அடி தள்ளி நின்றார். "யார் கட்டினதுங்க? குத்தம் சொல்றதுக்குக் கேக்கல. இது மனுசங்களுக்கும் ஒட்டும். வெறுங்கையில தொட்டவங்களுக்கு ரத்தம் பாக்கணும். பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

கோபால்தான் வாய் திறந்தான். "வேற யாரு? மருமவ மாடு. அவ கூடவே பொறந்த மாடு மாதிரிதான் பாத்துக்கினா. அவதான் கட்டியிருப்பா."

தங்கவேல் ஒருமுறை திரும்பி என் பக்கம் பார்த்தான். செல்லியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இளவரசன் செருப்பைக் கழற்றி அதிலிருந்த மண்ணைத் தட்டினான். எங்கள் வீட்டார் ஒருவரும் பேசவில்லை. டாக்டர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "சரிதா" என்று நோட்டில் எழுதினார்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சரிதா குழாயை மூடினாள். குடத்தை எடுக்காமல் போனாள். மதியப் பஸ்ஸில் ஒரு பையோடு ஏறினாள் என்று பிறகு தெரிந்தது. இளவரசன் பஸ் நிற்கிற இடம் வரை பின்னால் போயிருக்கிறான். அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாளாம்: "செருப்புல மண்ணு போச்சா?"

அதற்குப் பிறகு வேலை நிறைய இருந்தது. இளவரசன் கையுறை மாட்டிக்கொண்டு கோணியையும் கட்டியிருந்த கயிற்றையும் அறுத்துப் போட்டான். அதைக் குழியில் வைத்து எரித்தோம். மரத்தடி மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிப் புரட்டி, மூன்று மூட்டை சுண்ணாம்பு தூவினோம். மாடு படுக்காதபடி சுற்றிலும் முள் வெட்டி அடைத்தோம். நோய் கண்ட ஐந்து பசுவையும் தனியாகக் கட்ட வேண்டும், இனி அவற்றைச் சினைப்படுத்தக் கூடாது, பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுவதற்கு இடம் யார் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது என் மேட்டுக்கொல்லையைக் கொடுத்தேன். அங்கே கொட்டகை போட்டோம். "பெரியவருக்குப் பெரிய மனசு" என்றார் சின்னக்குழந்தை. நான் தலையாட்டினேன்.

நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் இருந்த கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஆயுளுக்கு ஒரே ஊசி. ஊரில் பதினொரு கன்று இருந்தது. இனி வெளியிலிருந்து மாடு வாங்கினால் ரத்தம் பார்த்து, ஒரு மாதம் தனியாகக் கட்டி, அதற்குப் பிறகுதான் மந்தையில் விடுவது என்று சின்னக்குழந்தை ஊருக்குச் சொல்லிவிட்டார். பசு பருவத்துக்கு வந்தால் சினை ஊசி. கரியானுக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை ரத்தம் பார்ப்பது. அதுவரை பட்டியிலேயே இருக்கட்டும் என்றார்கள்.

சிவலை செல்லியம்மாளைக் கறக்க விடவில்லை. மடியைத் தொட்டால் காலைத் தூக்கியது. இரண்டு நாளில் பால் தேங்கி மடி கட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் மாலை நான் மேட்டுக்கொல்லைக்குப் போனபோது அவள் வெந்நீர்த் துணியால் மடியை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

செல்லியம்மாள் என் தம்பி மனைவி. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. எங்களில் அப்படித்தான். சோறு வேண்டுமா என்று கேட்பதானால் சட்டியைப் பார்த்துக் கேட்பாள். மழை வருகிறது என்று சொல்வதானால் கதவைப் பார்த்துச் சொல்வாள். அன்று அவள் மாட்டைப் பார்த்துப் பேசினாள்.

"இன்னாடி சிவலை. ஒதைக்கற. ஒதைக்க வேண்டியவங்கள ஒதைக்காம என்னை ஒதைக்கறியே. நான் கூட வாய மூடிக்கினுதான் இருந்தேன், அதுக்கு ஒதைக்கறியா? ஒதைச்சுக்கோ. உன் நஞ்ச மரத்துல கட்டுனது யாருன்னு உனக்குத் தெரியும். பட்டியில நின்னு பாத்துக்கினுதானே இருந்த. ஆனா உனக்கு வாய் இல்ல. வாய் இருக்கறவங்களுக்கு கௌரவம் கீது."

துணியைப் பிழிந்தாள். மறுபடியும் ஒற்றினாள்.

"என் மவன் ஆம்பளையா பேசலன்னு ஊர்ல சிரிக்கறாங்க. அவன் எப்படிடி பேசுவான்? பெரியவங்க பேசாத எடத்துல பேசக்கூடாதுன்னு நாமதானே வளத்தோம்."

நான் கொட்டகையின் படலைக் கட்டிவிட்டுத் திரும்பினேன். அன்று இரவு களி போட்டாள், குழம்பு ஊற்றினாள். சட்டியைப் பார்த்துக் கூட எதுவும் கேட்கவில்லை.

ஊரில் அதற்குள் பேச்சு வளர்ந்துவிட்டது. சரிதா கட்டினாள் என்பது முதல் நாள். வேண்டுமென்றே கட்டினாள் என்பது மூன்றாம் நாள். நோய் மாடு என்று தெரிந்தே சீராகக் கொடுத்து மலையேற்றினார்கள் என்பது ஒரு வாரத்தில். காளையின் பெயர் கெடவில்லை என்று எங்கள் வீட்டுக்கு வந்து சந்தோஷம் சொல்லிப் போனவர்களும் உண்டு. காளை தப்பியதற்கு நான் பட்ட சந்தோஷம் அந்த ஒரு வரி படிக்கிற நேரத்தோடு தீர்ந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

மார்கழி முதல் வாரம் நான் கீழே போனேன். காவலூர் வழியாகப் போகிற காலைப் பஸ். சுப்பிரமணி வாசலிலேயே நின்று கும்பிட்டார். மாடு அப்படி என்று சத்தியமாகத் தெரியாது என்றார். மற்ற மூன்றையும் இப்போது சோதனைக்கு விட்டிருப்பதாகச் சொன்னார். தெரியும் என்றேன். இலை போட்டார்கள். சரிதா பரிமாறினாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை எதிலும் குறை வைக்கவில்லை.

"கை கழுவிட்டுப் பேசலாம் பெரிய மாமா" என்றாள்.

கழுவிவிட்டு உட்கார்ந்தேன். "வூட்டுக்கு வாம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"அது உன் வூடு."

"வூடு என் வூடுதான். மாடும் என் மாடுதான். கெட்ட பேரும் என் பேர்தானா?"

"நடந்தது தப்பு. அத உன்கிட்ட சொல்லத்தான் வந்தேன்."

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்றதுக்கா இவ்ளோ தூரம் பஸ்ல வந்தீங்க?"

சுப்பிரமணி உள்ளேயிருந்து, பெரியவரிடம் அப்படிப் பேசாதே என்றார். அவள் குரலை உயர்த்தவில்லை. எச்சில் இலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு மரத்தடியில யார் யார் இருந்தாங்களோ அவங்க இருக்கணும். டாக்டரம்மாவும் இருக்கணும், அந்த நோட்டும் இருக்கணும். அங்க சொல்லுங்க. நான் மறுபடி குழாயடியில நின்னு கேக்கணும்னு இல்ல. சொன்னது இங்க வந்து சேரும். இந்தக் கெட்ட பேச்சு வந்து சேரலையா?" பிறகு கேட்டாள்: "சிவலை மடி எப்படி கீது?"

"கட்டிக்கினு கீது. உங்க அத்தை வெந்நீர் ஒத்தறா."

"முன் காலைத் தடவிக்குடுத்துக்கினே கறக்கச் சொல்லுங்க. பேர் சொல்லிக் கூப்புடச் சொல்லுங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒருவன் எழுந்து இடம் கொடுத்தான். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே வந்தேன்.

எனக்கு எழுபத்து நாலு வயது. ஊரில் ஒரு வழக்கு என்றால் என்னைக் கேட்டுத்தான் சின்னக்குழந்தை வாய் திறப்பார். என் வாயால் ஊர் மாடு கெட்டது என்று ஆனால், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். ஒரு பெண் பிள்ளையின் பெயரை அடியில் வைத்து அதன் மேல் நிற்கிற மதிப்பு எவ்வளவு உயரம் என்று அப்போது நினைக்கவில்லை.

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு இரண்டாவது சோதனை முடிவு வந்தது. அதே மரத்தடி. முள் வேலிக்கு வெளியே கூடினோம். முதலில் பெயர் சொன்ன அத்தனை பேரும் இருந்தார்கள். சரிதா மட்டும் கீழே இருந்தாள். டாக்டர் காகிதத்தைப் பிரிப்பதற்கு முன் நான் எழுந்தேன். ஒரு நிமிடம் அந்த நோட்டை எடுக்கச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான்.

கோபால் எழுந்தான். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றான்.

"சொல்லியிருக்கணும்."

"என் ரெண்டு மாடும் போச்சு பெரியவரே."

"ஆமாம்."

டாக்டர் நோட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார். மறுநாளே என்னை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. கரியானுக்கும் இரண்டாம் முறை ஒன்றும் இல்லை. மாட்டுப்பொங்கலன்று முதல் கயிறு எங்கள் பட்டியில்தான் அவிழ்ந்தது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் உப்புக் கொண்டுவரவும் இல்லை. காளை ஊரை ஒரு சுற்று வந்து பட்டிக்குத் திரும்பியது. பசுக்களுக்கு இப்போது சினை ஊசிதான். தங்கவேல் அதற்குப் பழகிவிட்டான்.

சரிதா பொங்கலுக்கு மறுநாள் பஸ்ஸில் வந்தாள். நேராக மேட்டுக்கொல்லைக்குப் போனாள். இளவரசன் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். அவனிடம் அவள் பேசுவதற்கு இன்னும் எட்டு நாள் ஆயிற்று.

எங்கள் ஊரில் விஷயம் முடிந்தது. ஆனால் மலையில் ஊர்கள் பல. ஜமுனாமரத்தூர் வாரச் சந்தையில் போன வாரமும் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்ததைச் செல்லியம்மாள் கேட்டு வந்தாள். வந்து, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். கீழேயிருந்து வந்த மருமகள் நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் கட்டி ஊர் மாடுகளைக் கெடுத்தாள் என்று பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் புதைக்கச் சொன்னாள், இரண்டு தரம் சொன்னாள். கட்டியவன் நான்.